ஸ்பீச் தெரபியில் முதுகலை: விண்ணப்பிப்பதற்கு முன்னும் பின்னும்

"ஸ்பீச் தெரபி மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன், எந்தக் காலேஜ் நல்லது?" என்று கேட்பவர்களுக்கு நான் காலேஜ் பெயரைச் சொல்வதில்லை. "படித்து முடித்து எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் அதை யோசித்திருக்க மாட்டார்கள். இந்தத் துறையில் பட்டம் என்பது பாதி வழிதான். அதை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியின் எதிரே உட்கார உங்களுக்கு அனுமதி உண்டா என்பதை அந்தந்த நாட்டின் பதிவு அமைப்பு முடிவு செய்கிறது. ஆகவே கடைசியில் வாங்க வேண்டிய உரிமத்திலிருந்து பின்னோக்கி வந்து படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

முதல் படி: போய் உட்கார்ந்து பாருங்கள்

பேச்சு வராத குழந்தைக்கு "அ, ஆ" சொல்லிக் கொடுப்பதுதான் இந்த வேலை என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. உண்மையில் துறை அகலமானது. உச்சரிப்பு, திக்குவாய், குரல், மொழி வளர்ச்சி, காது கேளாமையால் வரும் பேச்சுச் சிக்கல், ஆட்டிசத்தில் வரும் சமூகத் தொடர்புச் சிக்கல், மூளையில் அடிபட்டவர்களின் நினைவும் கவனமும், பேச்சே வராதவர்களுக்குப் படப் பலகையும் கருவிகளும் வைத்துப் பேச வழி செய்வது என்று போகும். இவற்றோடு விழுங்குதலும் உண்டு. பெரிய மருத்துவமனையில் வேலை பார்க்கும் தெரபிஸ்ட்டின் நாளில் பெரும்பகுதி, பேச்சைவிட, தண்ணீர் குடித்தால் புரையேறும் நோயாளிகளோடுதான் போகும். சளி, எச்சில், தொண்டைக்குள் போகும் குழாய் இதெல்லாம் உங்களுக்கு ஒத்துவருமா என்பது சேர்ந்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை.

அதனால் ஒரு மருத்துவமனை, ஒரு பள்ளி அல்லது குழந்தைகள் மையம், இப்படிக் குறைந்தது இரண்டு இடங்களில் அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தெரபிஸ்ட் எப்போது பேசாமல் இருக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

நான் மாணவியாக இருந்தபோது கண்ட காட்சி ஒன்று. பக்கவாதம் வந்து பேச்சிழந்த பெரியவர். மேசையில் சாவியின் படம். "இது என்ன?" அவருக்குத் தெரிகிறது. விரல்களை மடக்கிக் காற்றில் திருகிக் காட்டுகிறார். வாயில் "பூட்டு" என்று வருகிறது. அது இல்லை என்று அவரே தலையை ஆட்டுகிறார். பக்கத்தில் இருந்த என் தோழி பொறுக்க முடியாமல் "சாவி!" என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் சுருங்கிப்போனது. வெளியே வந்ததும் சூப்பர்வைசர் சொன்னது: "அவர் தேடிக்கொண்டிருந்த வார்த்தையை நீ பிடுங்கிக்கொண்டாய்."

அடுத்த முறை நடந்தது வேறு. முதலில் பத்து விநாடி வெறும் மௌனம். வரவில்லை என்றால் "கதவைத் திறக்க எடுப்போமே" என்று பயனைச் சொல்வது. அப்புறம் "பூட்டும்..." என்று தொடங்கி அவரை முடிக்க விடுவது. அதற்கும் வரவில்லை என்றால் "சா..." என்று முதல் ஒலியை மட்டும் தருவது. முழு வார்த்தையைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பது கடைசியில்தான். அவருக்கு "பூட்டும்..." போதுமாக இருந்தது. எந்தப் படியில் வார்த்தை வந்தது என்பதைக் குறித்துக்கொண்டே வர வேண்டும், அடுத்த வாரம் அதற்கு முந்தைய படியிலேயே வருகிறதா என்று பார்க்க. இந்த மாதிரி வேலை உங்களுக்குச் சலிப்பாகத் தோன்றினால் வேறு துறை பார்ப்பது நல்லது. சுவாரசியமாக இருந்தால் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: உரிமத்திலிருந்து பின்னோக்கி

ஒரே வேலைக்கு நாட்டுக்கு நாடு வாசல் வேறு.

இந்தியாவில் வாசல் இளங்கலையிலேயே இருக்கிறது. பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பட்டம் (ஆடியாலஜி எனும் செவித்திறன் துறையும் பேச்சு மொழி நோயியலும் சேர்ந்தது), ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். அதை முடித்தவர்கள் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வேலை பார்க்கலாம். முதுகலை அதற்கு மேல் இரண்டு ஆண்டுகள், அதில் பேச்சு மொழி நோயியல், ஆடியாலஜி என்று தனித்தனிப் பிரிவு. மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம்தான் இதில் மூத்த பெயர். உளவியலோ மொழியியலோ படித்துவிட்டு நேராக இந்த முதுகலைக்குள் நுழைய முடியாது. இது தெரியாமல் மூன்று வருடம் வேறு பட்டம் படித்துவிட்டு வந்து கேட்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

அமெரிக்காவில் தலைகீழ். முதுகலைதான் நுழைவாயில், இளங்கலையை மட்டும் வைத்துத் தெரபிஸ்ட் ஆக முடியாது. ஆனால் இளங்கலை எந்தத் துறையாக இருந்தாலும் வழி இருக்கிறது. ஒலியியல், பேச்சுறுப்புகளின் உடற்கூறு, மொழி வளர்ச்சி, அடிப்படை ஆடியாலஜி போன்ற முன்தேவைப் பாடங்களை முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். அமெரிக்கப் பேச்சு மொழி செவித்திறன் சங்கத்தை எல்லோரும் ஆஷா என்றுதான் சொல்வார்கள். 1925-இல் தொடங்கிய அமைப்பு, தகுதிச் சான்றிதழ் அதனுடையது. தொழில் உரிமம் தருவது அந்தந்த மாநிலம். ஆடியாலஜிதான் வேண்டும் என்றால் அங்கே அது தனிப் பாதை: முதுகலை போதாது, பெரும்பாலும் நான்கு ஆண்டு முனைவர் நிலைப் பட்டம்.

பிரிட்டனில் 'ஸ்பீச் அண்ட் லாங்குவேஜ் தெரபிஸ்ட்' என்ற பெயரே சட்டப் பாதுகாப்பு உள்ளது. எச்.சி.பி.சி. என்ற மருத்துவ உதவித் தொழில்களுக்கான கவுன்சிலின் பதிவேட்டில் இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. வேறு துறைப் பட்டதாரிகளுக்கு அங்கே இரண்டு ஆண்டு முதுகலை உண்டு. ஆஸ்திரேலியாவிலும் அப்படி இரண்டு ஆண்டு முதுகலை உண்டு.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பெயரில் 'மொழி', 'தொடர்பு', 'குறைபாடு' எல்லாம் வரும் ஓராண்டு முதுகலைகள் பல உண்டு. அவற்றில் பல, ஆராய்ச்சிக்காகவோ ஏற்கெனவே தெரபிஸ்ட்டாக இருப்பவர்களுக்காகவோ வைக்கப்பட்டவை. படித்தால் அறிவு வரும், உரிமம் வராது. பாடத்திட்டப் பக்கத்தில் "இந்தப் பட்டம் பதிவுக்குத் தகுதி தருகிறது" என்ற வரி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்த நாட்டுப் பதிவு அமைப்பின் அங்கீகாரப் பட்டியலிலும் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று சரிபாருங்கள். கல்லூரி சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

நாடு மாறும் எண்ணம் இருந்தால் இன்னும் ஒரு விஷயம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் தொழில் சங்கங்களுக்கிடையே பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் இருக்கிறது. ஒன்றில் தகுதி பெற்றவர் மற்றதற்குப் போவது ஓரளவு எளிது, தானாக நடந்துவிடாது என்றாலும். இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. மொழித் தேர்விலும் இந்தத் துறைக்கு வாசல் உயரம். ஆங்கிலம் தாய்மொழி இல்லாமல், வெளிநாட்டில் படித்துவிட்டு பிரிட்டனில் பதிவு கேட்பவர்களிடம் ஐ.ஈ.எல்.டி.எஸ். மொத்த மதிப்பெண் 8.0, எந்தப் பகுதியிலும் 7.5-க்குக் குறையக் கூடாது என்கிறார்கள். மற்ற மருத்துவ உதவித் தொழில்களுக்கு இவ்வளவு கேட்பதில்லை. பேச்சே இங்கே கருவி என்பதால் அப்படி.

மூன்றாம் படி: அடித்தளத்தைச் சரி செய்யுங்கள்

உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல். ஆஷா சான்றிதழுக்கு இந்த நான்கிலும் பாடம் படித்திருக்க வேண்டும். புள்ளியியலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஒரு குழந்தையின் மதிப்பெண் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தால் தொடங்குவதற்குப் போதும்.

உண்மையில் பலர் தடுக்கி விழுவது ஒலியியலில். நம் காதுக்கு எழுத்துதான் கேட்கும், ஒலி கேட்காது. 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். எழுத்து மூன்றிலும் க. முதலாவதில் தொண்டை அதிராத அழுத்தமான ஒலி, இரண்டாவதில் தொண்டை அதிரும் ஒலி, மூன்றாவதில் காற்று உரசிக்கொண்டு போகும் மெல்லிய ஒலி. வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தும் கவனித்திருக்க மாட்டோம். சர்வதேச ஒலியெழுத்தில் மூன்றுக்கும் மூன்று குறி. ஒரு குழந்தை சொன்னதை, அது சொல்ல நினைத்ததாக நாம் யூகிப்பதை விட்டுவிட்டு, காதில் விழுந்தபடியே எழுத இந்தப் பயிற்சி வேண்டும். படிப்பு தொடங்குமுன் தினமும் பத்து நிமிடம் ஏதாவது பேச்சைக் கேட்டு ஒலியெழுத்தில் எழுதிப் பழகுங்கள். முதல் பருவத்தில் இதற்கு நன்றி சொல்வீர்கள்.

நான்காம் படி: விண்ணப்பம்

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் சி.எஸ்.டி.காஸ் என்ற பொது விண்ணப்ப முறையைப் பயன்படுத்துகின்றன, ஒரே இடத்தில் பலவற்றுக்குப் போடலாம். ஜி.ஆர்.ஈ. என்ற பொது நுழைவுத் தேர்வைப் பல இடங்கள் கைவிட்டுவிட்டன. கேட்காத இடத்துக்காக அதை எழுதி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

கட்டுரையில் "எனக்குப் பிறருக்கு உதவுவது பிடிக்கும்" என்று தொடங்காதீர்கள். நூறு விண்ணப்பத்தில் தொண்ணூறு அப்படித்தான் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சின்ன வயதிலிருந்தே நான் நன்றாகப் பேசுவேன்" என்பதும் வேண்டாம், அது தகுதியே இல்லை. முதல் படியில் போய் உட்கார்ந்து பார்த்தீர்களே, அங்கே கண்ட ஒரு நிகழ்வை எடுத்து, அதில் எது புரியவில்லை, அதைப் பற்றி எதைத் தேடிப் படித்தீர்கள் என்று எழுதுங்கள். திக்குவாய் உள்ளவர்கள் சிலர், நமக்கு இந்தத் துறையில் இடம் உண்டா என்று தயங்குவார்கள். தயங்க வேண்டாம். இந்தத் துறையை வளர்த்தெடுத்த சார்லஸ் வான் ரைப்பரும் வெண்டெல் ஜான்சனும் திக்கிப் பேசியவர்கள்தான்.

நீங்களும் கல்லூரியைக் கேள்வி கேட்க வேண்டும். எத்தனை பேர் உரிய காலத்தில் முடிக்கிறார்கள், எத்தனை பேர் தகுதித் தேர்வில் தேறுகிறார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கிறது? அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற படிப்புகள் இந்த மூன்றையும் தங்கள் இணையதளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும். தேடிப் படியுங்கள். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது: களப் பயிற்சிக்கான இடத்தை யார் ஏற்பாடு செய்கிறார்கள்? கல்லூரியா, "நீயே தேடிக்கொள்" என்பார்களா? பெரியவர்களும் குழந்தைகளும் இரு பக்கமும் கிடைக்குமா? விழுங்கல் பரிசோதனை நடக்கும் மருத்துவமனை தொடர்பில் இருக்கிறதா? இதற்கு நேரான பதில் வராத இடத்தை நான் தள்ளி வைப்பேன், அதன் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும்.

ஐந்தாம் படி: உள்ளே போன பிறகு

காலையில் வகுப்பு, மதியம் கிளினிக், இரவில் குறிப்பு எழுதுவது. இதுதான் பெரும்பாலும் நாள்.

குறிப்பு எழுதுவதில் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, இலக்கை மொட்டையாக எழுதுவது. "குழந்தையின் பேச்சுத் தெளிவு மேம்படும்" என்று எழுதிக்கொண்டு போனால் சூப்பர்வைசர் சிவப்பு மையால் அடிப்பார். எப்படித் தெரியும் மேம்பட்டது என்று? இப்படி எழுத வேண்டும்: "படத்தைக் காட்டிக் கேட்கும்போது, சொல்லின் தொடக்கத்தில் வரும் ர ஒலியை, உதவிக்குறிப்பு ஏதும் இல்லாமல், 10-இல் 8 முறை சரியாகச் சொல்வான், அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளில் இது நடக்கும்." சூழல், செயல், உதவி, அளவு எல்லாம் அதில் இருக்கிறது. இதை எழுதிவிட்டால் அமர்வில் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும். குழந்தையோடு தரையில் உட்கார்ந்து பொம்மைக் காரை ஓட்டிக்கொண்டே, தொடைமேல் வைத்த தாளில் கண்ணால் பார்க்காமல் சரி, தவறு என்று கோடு போடக் கைப் பழக்கம் வர வேண்டும். எனக்கு அது வர ஒரு பருவம் ஆனது.

விழுங்கல் பாடம் இன்னொரு உலகம். பேரியம் கலந்த திரவத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்ப்பீர்கள். கரிய கோடு நாக்கின் மேல் வழுக்கி, தொண்டையில் இறங்கி, உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாயின் பக்கம் மெல்ல ஒழுகும். நோயாளி இருமவே மாட்டார், "நல்லாத்தான் இருக்கு" என்பார். சத்தமில்லாமல் புரையேறுவது இதுதான். கட்டிலருகில் நின்று வெறும் கண்ணால் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நாளுக்குப் பிறகு "இருமவில்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்று நீங்கள் எழுத மாட்டீர்கள்.

பானத்தின் கெட்டித்தன்மையைக்கூட அளந்துதான் சொல்ல வேண்டும். 0 முதல் 7 வரை உள்ள சர்வதேச அளவுகோல் ஒன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. 10 மில்லி சிரிஞ்சில் திரவத்தை நிரப்பி, அடியில் அடைத்த விரலை எடுத்து, சரியாக 10 விநாடி வழிய விட்டு மூடுவார்கள். உள்ளே 1 மில்லிக்குக் குறைவாக நின்றால் அது தண்ணீர் போன்ற 0-ஆம் நிலை. 4-க்கும் 8-க்கும் இடையே நின்றால் 2-ஆம் நிலை. "கொஞ்சம் கெட்டியாகக் கொடுங்கள்" என்று செவிலியரிடம் வாயால் சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், சில நோயாளிகளுக்கு நிமோனியா வருவதற்கும் வராததற்கும் உள்ள வித்தியாசம்.

வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு மொழி தெரிந்த மாணவர்களிடம்தான் இந்தக் கேஸ்கள் வந்து சேரும். ஆங்கிலக் குழந்தைகளை வைத்து உருவாக்கிய தேர்வை மொழிபெயர்த்துக் கேட்டு மதிப்பெண் போடக் கூடாது. மொழிபெயர்த்த கணமே அதன் சராசரி அட்டவணை செல்லாததாகிவிடும். குழந்தை இயல்பாகப் பேசுவதைப் பதிவு செய்து, 50 அல்லது 100 வாக்கியங்களை எழுதி ஆராய்வது அதைவிட நம்பகமானது. ஐந்து நிமிடப் பதிவை எழுத ஒரு மணி நேரம் ஆகும், அதற்குத் தயாராக இருங்கள்.

உண்மையான மொழிக் குறைபாடு என்றால் அது இரண்டு மொழியிலும் தெரியும். பள்ளி மொழியில் மட்டும் தடுமாறுகிற குழந்தை, பெரும்பாலும் அந்த மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிற குழந்தை. அப்புறம், "வீட்டு மொழியை நிறுத்துங்கள், குழந்தைக்குக் குழப்பம்" என்று பெற்றோரிடம் சொல்லும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதற்கு ஆராய்ச்சியில் ஆதாரம் இல்லை. நீங்கள் அதைச் சொல்லாதீர்கள்.

ஆய்வேடு எழுதுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். முனைவர் பட்டம் வரை போக நினைப்பவர்கள் எழுதுவது நல்லது. ஆய்வு நெறிமுறை வகுப்பில் 1939-இல் அயோவாவில் நடந்த ஒரு சோதனையைப் பற்றிப் படிப்பீர்கள். அனாதை இல்லக் குழந்தைகள் 22 பேர். அவர்களில் ஒரு பகுதியினரிடம், நன்றாகப் பேசியவர்களையும் சேர்த்து, "உன் பேச்சில் கோளாறு இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லி என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். அதை வழிநடத்தியவர் மேலே நான் பாராட்டிச் சொன்ன அதே வெண்டெல் ஜான்சன். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001-இல்தான்.

ஆறாம் படி: மணிக்கணக்கு, தேர்வு, பதிவு

ஆஷா சான்றிதழுக்கு 400 மணி நேரக் கிளினிக் பயிற்சி வேண்டும். 25 மணி பார்வையிடல், 375 மணி நோயாளியோடு நேரடி வேலை. கவனியுங்கள், அந்த 375-இல் நேரடி வேலைதான் கணக்கு. பொம்மை எடுத்து வைத்தது, குறிப்பு எழுதியது, நோயாளி வராமல் காத்திருந்தது எதுவும் சேராது. அதன்பின் பிராக்ஸிஸ் என்ற தகுதித் தேர்வு, தேர்ச்சி மதிப்பெண் 162. பட்டத்துக்குப் பிறகு குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேரம் ஒரு மூத்த தெரபிஸ்ட்டின் வழிகாட்டலில் சம்பளத்தோடு வேலை. மற்ற நாடுகளில் கணக்கு மாறும்.

அந்தக் கணக்கை அன்றன்றே எழுதி, சூப்பர்வைசரிடம் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். "வெள்ளிக்கிழமை மொத்தமா வாங்கிக்கலாம்" என்று நான் விட்டேன். அந்த வெள்ளிக்கிழமைக்குள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். 11 மணி நேரம் கணக்கில் ஏறவில்லை, அதற்காகப் பட்டமளிப்புக்கு முந்தைய மாதம் இரண்டு சனிக்கிழமை கூடுதலாகப் போனேன். மணிப் பட்டியலில் குழந்தை, பெரியவர், பேச்சு, மொழி, விழுங்கல் என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு பாடத்தின் முழுப் பாடத்திட்டத்தையும் படிக்கும்போதே கோப்பாகச் சேமித்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறு நாட்டில் பதிவு கேட்கும்போது அந்த இரண்டையும்தான் முதலில் கேட்பார்கள், அப்போது கல்லூரி அலுவலகத்துக்குப் போன் செய்தால் பாடத்திட்டம் இரண்டு முறை மாறியிருக்கும்.